மண்டி கணக்கு சாஃப்ட்வேருக்கு டாக்குமென்ட்டேஷன எங்க வெக்கலாம்: கூகுள் டாக்கா, விக்கியா, கிட்டா?

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி மண்டிங்களுக்காக நாம சேர்ந்து எழுதிட்டிருக்கற கணக்கு சாஃப்ட்வேர் இப்ப ஒரு நெலைக்கு வந்துருச்சு. கோடு கிட்ஹப்ல (கோட வெச்சு பல பேர் சேர்ந்து வேலை செய்யற வெப்சைட்) எல்லாருக்கும் தொறந்துதான் இருக்கு, ஆனா அத எப்பிடி ஓட்டறதுன்னு சொல்ற குறிப்பு மட்டும் பாதி கூகுள் டாக்ல, பாதி கிட்ஹப் விக்கில, மீதி வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ்லன்னு செதறிக் கெடக்கு. இத ஒரே எடத்துக்குக் கொண்டாரணும், எந்த எடம்ங்கறதுதான் கேள்வி. இருக்கற வழியெல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து எனக்குப் பட்டத எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், முழுசாப் படிங்க, ஒருதரம் முடிவு பண்ணி பக்கங்கள ஏத்திட்டா அப்பறம் மறுபடி எல்லாத்தையும் பேத்தெடுத்து வேற எடம் கொண்டு போறது லேசான வேலை இல்ல.

என் கட்சி என்னன்னு மொதல்லயே சொல்லிடறேன்: அசல் காப்பி கோடு இருக்கற அதே ரெப்போக்குள்ள (ப்ராஜெக்ட்டோட ஃபைலெல்லாம் இருக்கற எடம்) மார்க்டவுன் ஃபைலா (சாதா எழுத்துலயே தலைப்பு, பட்டியலுக்கெல்லாம் குறி போட்டு எழுதறது) இருக்கணும், விஷயம் தெரிஞ்சவங்க வந்து கொட்டறதுக்கு பொதுவா ஒரு எழுதற பக்கம் தனியா இருக்கணும், விக்கிய மூடிடணும்.

எந்த டூல் நல்லதுன்னு பேசறதுக்கு முன்னாடி யாருக்காகன்னு பாக்கணும். நம்ம ப்ராஜெக்ட்ல கோடு எழுதறவங்க பர்கூர், செட்டிக்கரை காலேஜ் பசங்க, அப்பறம் ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்ட்டு வர்ற சில பேரு. ஃபைல்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வெக்கற கிட்ங்கற டூல் இவங்களுக்கு தண்ணி பட்ட பாடு. ஆனா மண்டில சீட்டு எப்பிடி எழுதறாங்க, கமிஷன் எந்த எடத்துல கழியும், இறக்குக்கூலி வெவசாயி கணக்குல போகுதா வியாபாரி கணக்குல போகுதா, காலி கிரேட் (தக்காளிப் பெட்டி) திரும்பி வரலன்னா பாக்கில எப்பிடி நிக்கும், இதெல்லாம் கரெக்டா தெரிஞ்சது மண்டில உக்காந்து கணக்கு எழுதற அண்ணனுங்களுக்குத்தான். அவங்ககிட்ட லேப்டாப் இருந்தாலும் அது கடையோடது, எழுதறது எல்லாம் போன்லதான், பாதி நேரம் வாய்ஸ் டைப்பிங். படிக்கறவங்க யாருன்னு பாத்தா அவங்களேதான், அதோட ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் படிக்கற ஆளுங்க. கோடு தெரிஞ்சவனுக்கு மண்டி தெரியாது, மண்டி தெரிஞ்சவருக்கு கிட் தெரியாது. இந்த ரெண்டு பக்கத்தையும் எந்த ஏற்பாடு சேத்து வெக்குதோ அதுதான் நமக்கு ஆகும், மத்தபடி தீம் அழகா இருக்கா, சைடு மெனு மடங்குதாங்கறதெல்லாம் ரெண்டாம் பட்சம்.

கூகுள் டாக்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறோம். உள்ள வர்றது அவ்ளோ சுலபம். லிங்க் அனுப்புனா போதும், போன்லயே தொறந்து "இது தப்பு, கூலி மொதல்ல கழியும், அப்பறந்தான் கமிஷன்"னு அந்த வரி பக்கத்துலயே கமென்ட் போட்டுடுவாங்க, சஜெஷன் மோட்ல திருத்துனா நாம ஏத்துக்கலாம் இல்ல தள்ளிடலாம். ஒரு விஷயத்த மொத தடவ எழுத்துல கொண்டாரதுக்கு இதவிட நல்ல வழிய நான் பாத்ததில்ல. ஆனா அந்த டாக் யாரோ ஒருத்தரோட சொந்த அக்கவுன்ட்ல இருக்கு, காலேஜ் முடிஞ்சு அந்தப் பையன் வேலைக்குப் போய்ட்டா, காலேஜ் குடுத்த மெயில் ஐடிய மூடிட்டா, டாக்கும் கூடவே போயிடும். ப்ராஜெக்ட்டோட சொத்து ஒருத்தர் மெயில் ஐடில தொங்கிட்டு இருக்கறது ஓப்பன் சோர்ஸ்க்கு அடுக்காத விஷயம். அதோட ஒருத்தர் காப்பி எடுத்து திருத்துவாரு, இன்னொருத்தர் அசல்ல திருத்துவாரு, கடைசில எது சரின்னு கேட்டா பதில் வராது.

இதே வேலைய ஃப்ரீ சாஃப்ட்வேர்லயே செய்யறதுக்கு ஈதர்பேட், ஹெட்ஜ்டாக், கிரிப்ட்பேட் எல்லாம் இருக்கு. இதுல ஹெட்ஜ்டாக் நமக்கு ரொம்பத் தோதானது, பல பேர் ஒரே நேரத்துல மார்க்டவுன்லயே எழுதலாம், எழுதி முடிச்சத அப்பிடியே ரெப்போல ஒட்டிடலாம், ஃபார்மேட் மாத்தற தொல்லை இல்ல. இந்த வகைய நான் வேண்டாம்னு சொல்லல, இது பரண் மாதிரி ஆயிடக்கூடாதுன்னு மட்டும் சொல்றேன், மேல போட்டா அப்பறம் யாரும் எறக்கிப் பாக்க மாட்டோம். எழுதறது அங்க, வெக்கறது வேற எடத்துல.

இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு வழி இருக்கு, லிப்ரேஆஃபீஸ் டாக்குமென்ட்டேஷன் டீம் செய்யறது. அவங்க யூசர் கைடெல்லாம் லிப்ரேஆஃபீஸ் ரைட்டர் (வேர்ட் மாதிரி ஃப்ரீ சாஃப்ட்வேர்) ஃபைலாவே எழுதறாங்க, நெக்ஸ்ட்கிளவுட்ல (ஃபைல் பகிர்ந்துக்கற சாஃப்ட்வேர்) வெச்சு அத்தியாயம் அத்தியாயமா கை மாத்தி, திருத்தத்த ட்ராக் பண்ணி, ரிவ்யூ முடிச்சு புத்தகமா வெளியிடறாங்க. அவங்களுக்கு அது நடக்குது, ஏன்னா அது புத்தகம், பொறுமையா எடிட் பண்ற ஆளுங்க இருக்காங்க. தமிழ் பிடிஎஃப் எடுக்கறதுக்கும் இது ரொம்ப சௌகரியம், எழுத்து ஒடையாம வரும். நமக்கு ஒத்து வராததுக்கு ஒரே காரணம், ஒரு ஃபைல்ல ரெண்டு பேரு தனித்தனியா திருத்துனா கிட்டால அத சேத்து வெக்க முடியாது, அந்த ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப் கட்டு.

அடுத்தது விக்கி. 1995ல வார்ட் கன்னிங்ஹாம் மொத விக்கிய போட்டப்ப அதுல இருந்த யோசனை ரொம்பப் பெருசு, படிக்கறவரே எழுதறவர், தப்பு தெரிஞ்சா அங்கயே திருத்து. தமிழ் விக்கிப்பீடியா 2003ல இருந்து அந்த வழிலதான் வளந்து நிக்குது, அதுல எழுதிப் பழகுனவங்க நம்ம குரூப்லயும் இருக்கீங்க, அதனால விக்கி மேல உங்களுக்கு இருக்கற பிரியம் எனக்குப் புரியுது. சாஃப்ட்வேர் உலகத்துல விக்கிக்கு நல்ல உதாரணம் ஆர்ச்விக்கி, அதாவது ஆர்ச் லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட விக்கி, விக்கிப்பீடியா ஓடற அதே மீடியாவிக்கி சாஃப்ட்வேர்ல ஓடுது, ஆர்ச் லினக்ஸ் பக்கமே போகாதவங்ககூட சந்தேகம்னா அங்க போய் படிக்கறாங்க. ஆனா அது ஏன் அங்க நிக்குதுன்னு யோசிங்க. ஆர்ச்ல வெர்ஷன்னு ஒன்னு கெடையாது, எல்லாரும் அப்டேட் போட்டுக்கிட்டே எப்பவும் கடைசி நெலையிலதான் இருப்பாங்க, அதனால பக்கமும் ஒரே ஒரு நெலையச் சொன்னா போதும். அதோட கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொரு திருத்தத்தையும் பாக்கறதுக்கு ஆளுங்க இருக்காங்க.

நம்ம மண்டிங்க அப்பிடியா? சீசன் நடுவுல எவனும் சாஃப்ட்வேர தொடமாட்டான், தொடவும் கூடாது. பழைய லேப்டாப்ல போன வருஷத்து வெர்ஷன் ஓடிட்டிருக்கும், நல்லாவே ஓடும். இப்ப கமிஷன் சதவீதம் மாத்தற எடத்த எடுத்துக்கங்க. முன்னாடி செட்டிங்ஸ்ல எல்லாருக்கும் பொதுவா ஒன்னு இருந்துச்சு, புது வெர்ஷன்ல அது ஒவ்வொரு வியாபாரி பக்கத்துலயும் தனியாப் போயிருச்சு. விக்கில அத மாத்தி எழுதுன நிமிஷத்துல இருந்து பழைய வெர்ஷன் வெச்சிருக்கற கடைக்காரருக்கு அந்தப் பக்கம் பொய் சொல்லுது. அவரு செட்டிங்ஸ்ல இருக்கறத விட்டுட்டு வியாபாரி பக்கத்துல தேடிட்டு இருப்பாரு, வெளிய லாரி நிக்கும். கணக்கு சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி தப்பு வெறும் சின்ன எரிச்சலோட போறதில்ல, ஒரு வெவசாயி கைக்குப் போற காசுல தப்பு வரும். விக்கில பழைய ஹிஸ்டரி இருக்கேன்னு கேக்கலாம், இருக்கு, ஆனா எந்தத் தேதி திருத்தம் எந்த வெர்ஷனுக்கு சரியா இருந்துச்சுன்னு கடைக்காரர் எப்பிடிக் கண்டுபிடிப்பாரு?

கிட்ஹப் கூடவே தர்ற விக்கிக்கு இன்னும் சில கொறை இருக்கு. அதுவும் உள்ளுக்குள்ள கிட்தான், ஆனா மெயின் ரெப்போவோட சேராத தனி ரெப்போ, அதனால கோடுல ஒரு மாத்தமும் பக்கத்துல ஒரு மாத்தமும் ஒரே புல் ரிக்வெஸ்ட்ல (இந்த மாத்தத்த பாத்து சேத்துக்கங்கன்னு அனுப்பற வேண்டுகோள்) வராது. சொல்லப்போனா விக்கிக்கு புல் ரிக்வெஸ்ட்டே கெடையாது. வெளி ஆளுங்க எடிட் பண்ண விட்டா பாக்காமயே ஏறிடும், விடாம மூடுனா எழுத வந்தவங்க அப்பிடியே திரும்பிப் போயிடுவாங்க. சர்ச் என்ஜின்ல தெரியறதுக்கும் வெளி ஆளுங்க எடிட் பண்ண முடியாதபடி மூடியிருக்கணும், 500 ஸ்டாராவது (லைக் மாதிரி) இருக்கணும்னு கிட்ஹப்பே எழுதி வெச்சிருக்கு. தர்மபுரில உக்காந்து ஒருத்தர் கூகுள்ல தேடுனா நம்ம விக்கி பக்கம் வரவே வராதுன்னா அப்பறம் அங்க எழுதி என்ன பிரயோஜனம். விக்கியேதான் வேணும்னா மீடியாவிக்கியோ புக்ஸ்டாக்கோ சொந்தமா நிறுவலாம், புக்ஸ்டாக் அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம்னு அடுக்கித் தர்றது புதுசா வர்றவங்களுக்கு சட்டுன்னு புரியும், எழுதற எடமும் வேர்ட் மாதிரியே இருக்கும். ஆனா சர்வர் வேணும், பேக்கப் வேணும், செக்யூரிட்டி அப்டேட் போட ஒரு ஆள் வேணும், ஸ்பாம் வரும். மாசா மாசம் அதுக்கு யாரு?

விக்கிய விட்டு ரெப்போக்கு மாறறது பெரிய எடத்துலயே நடந்திருக்கு. வெப் டெவலப்பருங்க எல்லாம் தெனம் பாக்கற எம்டிஎன்ங்கற குறிப்புத் தளம் பல வருஷம் விக்கியாத்தான் இருந்துச்சு, யார் வேணா உள்ள வந்து எடிட் அடிச்சா அடுத்த நிமிஷமே லைவ். 2020 டிசம்பர்ல அவங்க மொத்த கன்டென்ட்டையும் கிட்ஹப் ரெப்போக்கு மாத்திட்டாங்க, இப்ப ஒவ்வொரு திருத்தமும் புல் ரிக்வெஸ்ட்டா வந்து ஒருத்தர் பாத்த பெறகுதான் ஏறுது. பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழி 2008லயே 2.6 வெளிவந்தப்ப பழைய லேடெக் (அச்சுக்குப் பக்கம் கட்டற முறை) ஃபைல விட்டுட்டு ஸ்ஃபிங்ஸ்க்கு (சாதா எழுத்து ஃபைல்ல இருந்து வெப் பக்கமும் பிடிஎஃப்பும் செஞ்சு தர்ற டூல்) வந்துருச்சு, சொல்லப்போனா ஸ்ஃபிங்ஸ எழுதுனதே பைத்தான் டாக்குமென்ட்டேஷனுக்காகத்தான். லினக்ஸ் கெர்னலும் 2016ல இருந்து அதே ஸ்ஃபிங்ஸ்தான். பெரியவங்க போனாங்கன்னு நாமளும் போகணும்னு இல்ல, ஆனா அந்த ஏற்பாடு நமக்கும் பொருந்துது: கோடு மாறும்போது எழுத்தும் கூடவே மாறணும், ரெண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்துல பாக்கணும்.

ரெப்போக்குள்ளயே டாக்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டா என்ன ஆகும்னா, அந்த கமிஷன் ஸ்க்ரீன மாத்தற பையன் அதே புல் ரிக்வெஸ்ட்ல அந்தப் பக்கத்தையும் மாத்தியே ஆகணும், மாத்தலன்னா ரிவ்யூ பண்றவர் நிறுத்தி வெப்பாரு. ரிலீஸ் டேக் (இது இந்த வெர்ஷன்ங்கற முத்திரை) போட்டா எழுத்தும் சேர்ந்து உறைஞ்சு நிக்கும், பழைய வெர்ஷன்காரருக்கு பழைய பக்கம், புதுசுக்குப் புதுசு. ரீட் த டாக்ஸ் இந்த வெர்ஷன் பிரிச்சுக் காட்டற வேலைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுங்களுக்கு வெளம்பரத்தோட இலவசமாவே செஞ்சு தருது, கிட்ஹப் பேஜஸ்ல வெச்சாலும் காசு இல்ல. இன்னொன்னு, இன்டர்நெட் போனாலும் படிக்கலாம். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணும்போதே ஹெல்ப் பக்கத்தையும் சேத்துக் கட்டி அனுப்பலாம், சிக்னல் நிக்காத மண்டில இதுக்கு இருக்கற மதிப்ப அங்க ஒரு நாள் உக்காந்தா தெரிஞ்சுக்கலாம்.

சரி, இதுல கஷ்டமே இல்லையான்னா, இருக்கு, பெருசாவே இருக்கு. கணக்கு எழுதற அண்ணன்கிட்ட போய் ஃபோர்க் பண்ணு, பிராஞ்ச் போடு, கமிட் மெசேஜ் எழுதுன்னா அவரு போன கீழ வெச்சுட்டுப் போயிடுவாரு. பக்கத்து மேல பென்சில் ஐகான் இருக்கும், அத அமுக்குனா கிட்ஹப்பே ஃபோர்க் எல்லாம் பண்ணிக்கும்ங்கறது நெசந்தான், ஆனா அக்கவுன்ட் தொறக்கணும், 2023ல இருந்து பங்களிக்கறவங்களுக்கு ரெண்டடுக்கு லாகின வேற கட்டாயம் ஆக்கிட்டு வந்தாங்க, எல்லா பட்டனும் இங்கிலீஷ். ஒரு எழுத்துப்பிழை திருத்தறதுக்கு இவ்ளோ வாசப்படி ஏறச் சொல்றது ஞாயமில்ல. கிட் பக்கம் பேசறவங்க பல பேரு இந்த எடத்த லேசாத் தாண்டிப் போயிடறாங்க, நாம தாண்டக்கூடாது, ஏன்னா இதுல தோத்தா டாக்குமென்ட்டேஷன் முழுக்க கோடு எழுதறவங்க கற்பனை பண்ணிக்கிட்ட மண்டியப் பத்தினதா ஆயிடும், உண்மையான மண்டி அதுல இருக்காது.

அதுக்குத்தான் ஹெட்ஜ்டாக்க கூட சேக்கச் சொல்றேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்க ஒரு வரைவு, அதோட லிங்க் குரூப்ல. அண்ணனுங்க அங்க எழுதட்டும், வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாலும் சரி, யாராவது கேட்டு அங்க எழுதிடலாம். வாரத்துக்கு ஒருத்தர்னு முறை வெச்சு அதுல தேறுனத எடுத்து ரெப்போல புல் ரிக்வெஸ்ட்டா போடணும். போடறப்ப கமிட்ல (ரெப்போல பதியற மாத்தம்) கோ-ஆதர்னு, அதாவது கூட எழுதுனவர்னு, விஷயம் சொன்னவரு பேரையும் கேட்டுக்கிட்டு சேக்கணும், இத நான் ரொம்ப வலியுறுத்தறேன். இருபது முப்பது வருஷமா தராசு பக்கத்துல நின்னு கத்துக்கிட்ட விஷயத்த ஒருத்தர் சும்மாவே குடுக்கறாரு, அத டைப் அடிச்ச பையன் பேருல மட்டும் ஏத்தறது தப்பு. பக்கத்தோட மேல ஒரு வரில இது கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 லைசென்ஸ்ல (எழுதுனவர் பேர சொல்லி, மாத்துனா இதே லைசென்ஸ்ல யாரும் பயன்படுத்தலாம்) போகும்னு தமிழ்ல சொல்லி வெச்சுடணும், பின்னாடி யார்கிட்டயும் போய் பர்மிஷன் கேட்டுட்டு நிக்க வேண்டியதில்ல. ஸ்க்ரீன்ஷாட்ல நெஜ வெவசாயி பேரு, போன் நம்பர், பாக்கித் தொகை ஒன்னுகூட வரக்கூடாது, அதுக்குன்னு பொய்ப் பேரு போட்ட ஒரு டெமோ டேட்டா செஞ்சு ரெப்போல வெக்கலாம்.

இப்ப அந்த ஃபைல வெப் பக்கமா கட்டற டூல் எம்கேடாக்ஸா ஸ்ஃபிங்ஸான்னு ஒரு சின்னப் பஞ்சாயத்து இருக்கு. எம்கேடாக்ஸ் சுலபம், முழுக்க மார்க்டவுன், பசங்க ஒரு மணி நேரத்துல கத்துக்குவாங்க. ஸ்ஃபிங்ஸ் கொஞ்சம் கனம், ஆனா மொழிபெயர்ப்புக்கு கெட்டெக்ஸ்ட் வசதி உள்ளயே இருக்கு, மார்க்டவுனும் மிஸ்ட்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா எழுதலாம். தமிழ்ல எழுதறப்ப ரெண்டுலயும் சில முள்ளு குத்தும், அத இங்கயே சொல்லிடறேன், வேற தமிழ் ப்ராஜெக்ட்காரங்களுக்கும் ஆகும்.

எம்கேடாக்ஸ்ல ஒரு தலைப்புக்கு தானாவே ஒரு ஐடி உருவாகும், லிங்க் குடுக்கறதுக்கு. இங்கிலீஷ் எழுத்து இல்லாத எல்லாத்தையும் அது தூக்கிடும், அதனால தமிழ்த் தலைப்புக்கு மிஞ்சறது அடிக்கோடும் நம்பரும் மட்டும், _1, _2ன்னு. நடுவுல ஒரு புதுத் தலைப்ப நொழச்சா நம்பர் எல்லாம் நகந்துடும், நேத்து கூலி பத்தின எடத்துக்குப் போன லிங்க் இன்னைக்கு கிரேட் பாக்கிக்குப் போகும். யூனிகோட் ஆப்ஷன் போட்டா சரியாயிடும்னு சொல்வாங்க, முழுசா ஆகாது, பைத்தானோட ரெகெக்ஸ் (எழுத்து வரிசையத் தேடிப் பிரிக்கற வசதி) நம்ம உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தா எடுத்துக்காது, "கமிஷன்"ங்கறது "கமஷன"ன்னு ஆயிடும். ஒரே வழி, ஒவ்வொரு தலைப்புக்கும் நாமளே கையால இங்கிலீஷ்ல ஒரு சின்ன ஐடி குடுத்துடறது. ஸ்ஃபிங்ஸ்லயும் இதே கதைதான், லேபிள் போட்டு லிங்க் பண்ணணும். ஸ்ஃபிங்ஸ்ல பிடிஎஃப் எடுக்கறப்ப லேடெக் என்ஜின ஸீலேடெக்னு மாத்தி நோட்டோ தமிழ் ஃபான்ட் குடுக்கலன்னா தமிழ் வராது. தேடற பெட்டியும் இங்கிலீஷ நெனச்சு செஞ்சது, "பாக்கி", "கூலி"ன்னு அடிச்சுப் பாத்து வருதான்னு ஒவ்வொரு ரிலீஸ்க்கும் சோதிக்கணும். அப்பறம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரின்னு எழுதிப் பழகுங்க, பத்தி முழுக்க ஒரே வரியா இருந்தா ஒரு எழுத்த மாத்துனாலும் டிஃப்ல (மாறுன எடத்தக் காட்டற பக்கம்) பத்தி பூரா செவப்பும் பச்சையுமா தெரியும், ரிவ்யூ பண்றவர் கண்ணு போயிடும்.

மொழிக்கு வர்றேன், என்னோட முடிவ ஸ்ஃபிங்ஸ் பக்கம் சாய்ச்சது இதுதான். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் பக்கத்த காப்பி எடுத்து தனித்தனியா எழுதுனா, தமிழ்ல ஒரு வாக்கியம் மாறுனது மத்த ரெண்டுக்கும் தெரியாமயே போயிடும், ஓசூர்ல ஒருத்தர் பழச நம்பிட்டு இருப்பாரு. கெட்டெக்ஸ்ட்ல ஒவ்வொரு பத்தியும் தனித்தனியா நிக்கும், அசல் மாறுனா அந்த ஒரு மொழிபெயர்ப்பு மட்டும் சந்தேகம்னு குறி விழும், அத மட்டும் திருத்துனா போதும். வெப்லேட்டுங்கற மொழிபெயர்ப்பு டூல மேல வெச்சா மொழிபெயர்க்கறவங்க கிட்ங்கற டூல கண்ணாலகூட பாக்க வேண்டாம், பிரவுசர்ல இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, எழுதி சேவ் பண்ணா அதுவே ரெப்போக்கு கமிட் ஆயிடும். வெப்லேட்டும் ஜிபிஎல் லைசென்ஸ்ல வர்ற ஃப்ரீ சாஃப்ட்வேர்தான். அசல் மொழி தமிழா இங்கிலீஷான்னு ஒரு வாதம் வரும்னு தெரியும், என்னக் கேட்டா தமிழ்தான், சொல்றவர் எந்த மொழில சொன்னாரோ அதுல எழுதறப்பதான் விஷயம் கொறையாம வரும்.

விக்கி வேணும்னு சொல்றவங்க சொல்றதுல ஒரு எடத்துல உண்மை இருக்கு, அது பிரின்டர் பக்கம். ஒவ்வொரு கடைலயும் ஒவ்வொரு தெர்மல் பிரின்டர், எதுல தமிழ் ஒழுங்கா வருது, எதுல கட்டம் கட்டமா வருது, எந்த டிரைவருக்கு மசியுதுன்னு பத்து பேரு சொன்னாத்தான் தெரியும், இதுக்கு ரிவ்யூ எல்லாம் பெருசா தேவையில்ல. இந்த மாதிரி அனுபவக் குவியலுக்கு விக்கி நல்லாவே பொருந்தும். ஆனா இந்த ஒரு பக்கத்துக்காக விக்கிய தொறந்து வெச்சா மத்ததும் மெல்ல அங்க போய் சேரும். அதனால கிட்ஹப் இஷ்யூல (கொறை, கேள்வியெல்லாம் பதியற எடம்) ஒரு ஃபார்ம் செஞ்சுடலாம், பிரின்டர் மாடல், ஓடுன வெர்ஷன், என்ன ஆச்சு, ஒரு போட்டோ, அவ்ளோதான். அக்கவுன்ட் இல்லாதவங்க குரூப்ல சொன்னா அந்த வாரத்து முறைக்காரர் ஃபார்ம்ல ஏத்திடட்டும், அதுல இருந்து அட்டவணை ரெப்போக்கு போகும்.

உங்க ப்ராஜெக்ட் இதவிட சின்னதா, ஒரே ஆள் எழுதறதா இருந்தா இவ்ளோ ஏற்பாடு வேண்டாம், ரீட்மீ ஃபைல் ஒன்னு நல்லா எழுதுனா போதும், ஸ்ஃபிங்ஸ், வெப்லேட் எல்லாம் மாட்டி அதையே கட்டி மேச்சுட்டு இருக்க வேண்டியதில்ல.

நமக்கு மாத்தறதுன்னா தக்காளி வரத்து கொறஞ்ச நாளாப் பாத்து மாத்தலாம், அப்பதான் அண்ணனுங்களுக்குப் படிச்சுப் பாக்க நேரம் இருக்கும். மொதல்ல சீட்டு போடறது, கமிஷன், கூலி, கிரேட் பாக்கி, நாள் முடிஞ்சு கணக்கு சாத்தறது, இந்த அஞ்சு பக்கத்த மட்டும் ஹெட்ஜ்டாக்ல ஏத்தி, மண்டில உக்காந்து வரி வரியாப் படிச்சுக் காட்டி திருத்தி, அதுக்கப்பறம் ரெப்போக்குள்ள கொண்டாருவோம். அது ஏறுன அன்னைக்கே விக்கில எடிட்ட மூடிட்டு ஒவ்வொரு பக்கத்துலயும் புது லிங்க் ஒட்டிடணும், ரெண்டையும் கொஞ்ச நாள் சேத்து ஓட்டலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. ஓசூர் பக்கத்துல தெலுங்கு, கன்னடம் பாத்துக்கறதுக்கு மொழிக்கு ரெண்டு பேராவது முன்னாடி வந்தா வெப்லேட்ல இப்பவே ப்ராஜெக்ட் தொறந்து வெக்கறேன், தமிழ்ப் பக்கம் நிலைச்ச ஒடனே அவங்க ஆரம்பிக்கலாம்.